தம்பி கொண்டுவந்த செய்தி

பேச்சியம்மாள் டீச்சர் இறந்த செய்தியை எங்களிடம் கொண்டுவந்தவர் அவருடைய தம்பி சங்கையா. சோழவந்தானில் தனியாகப் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, டீச்சரும் நானும் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்திருந்தார். ஐம்பது வயது, நரைத்த தலை. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைந்தவர் என்பது டீச்சரை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரியும்.

"அக்கா எந்திரிக்கலை" என்றார் என்னிடம்.

"அக்கா இப்ப வந்துரும், உக்காரு" என்று பெஞ்சில் உட்காரவைத்து, பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அக்காவுக்கு முன்னால் கிளம்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். மணி அடித்துத் திரும்பியபோது பிஸ்கட் பிரிக்காமல் கிடந்தது.

"அக்கா உடம்பு சில்லுன்னு இருக்கு, டீச்சர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதும்போதும் கூசுகிறது.

பெற்றோர் காலமானபின் தம்பியைத் தன்னோடு வைத்துக்கொண்டவர் டீச்சர். பெண் கேட்டு வந்தவர்கள், தம்பியை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். பேச்சு அத்தோடு நின்றது.

சில வருஷங்களுக்கு முன்பு சங்கையா கொடிக்காலில் வெற்றிலை அடுக்கும் வேலைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். சோற்றைச் சிந்தினார், படியில் இடறி விழுந்தார். "வயசாக ஆக முத்தத்தான் செய்யும், எங்கயாச்சும் விடுதியில சேத்துருங்க" என்று ஆசிரியர் அறையில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. டீச்சர் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"இவருக்கு எப்ப இருந்து பார்வை மங்கல்?" என்று டாக்டர் டீச்சரைக் கேட்டார்.

"அவன்கிட்டயே கேளுங்க சார். நேரமாகும், ஆனா சொல்லுவான்."

டாக்டர் காத்திருந்தார். "தீவாளிக்கு முன்னாடி. வெத்தலையெல்லாம் புகையாத் தெரியுது" என்றார் சங்கையா. இரண்டு கண்ணிலும் புரை.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்பக்கா இம்புட்டு நரைச்சுச்சு?" டீச்சர் சிரித்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் அழுதார். "இவனுக்கும் வயசாகும்னு எனக்கே தோணலை, பாருங்க" என்றார்.

அதன்பிறகு சோறு வடிக்கவும் பஸ் ஏறவும் தம்பிக்குப் பழக்கினார். இந்த வயதில் எதற்கு அவரை வதைக்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் போயிட்டா அவன் பசியோட கிடக்கக் கூடாது. எனக்கு ஒண்ணுன்னா உங்ககிட்ட வந்து சொல்லச் சொல்லியிருக்கேன்" என்றார். அதற்கென்ன என்று சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். சங்கையா மறக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று, திருமங்கலத்திலிருந்து வந்திருந்த டீச்சரின் சித்தப்பா மகன், "வீட்டைப் பூட்டிட்டு இவனை எங்கயாச்சும் சேத்துருவோம்" என்றார். சங்கையா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் இங்கதான் இருப்பேன்" என்றார் அவராகவே. "சோறு வடிப்பேன். ராத்திரிதான் பயமா இருக்கு."

எதிர்வீட்டுப் பால்காரர் சங்கையாவைப் பார்த்து, "அம்புட்டுத்தானே, அண்ணே? நான் வந்து இங்க படுத்துக்கிறேன்" என்றார். சித்தப்பா மகன் வீட்டுச் சாவியைச் சங்கையாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோழவந்தான் போகிறேன். கேட்டுவிட்டுக் காத்திருப்பது டீச்சரின் பழக்கம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதுவும் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. போன வாரம், முழங்கால் எப்படி இருக்கிறது என்று சங்கையாவைக் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள், தைலம் தடவினால் சரியாகிவிடும் என்று நானே பேச ஆரம்பித்துவிட்டேன்.

நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"நான் இன்னும் சொல்லலை, டீச்சர்" என்றார்.