அம்மாவின் போர்வை

2003ஆம் ஆண்டு, சமாதான காலம். நெடுந்தீவில் கடற்றொழில் செய்த என் அப்பா, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் காலமானார். செய்தி கிடைத்து வள்ளம் ஏறி, நான் அங்கே போய்ச் சேர மதியமாகிவிட்டது. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு நாலு மணிக்குக் கடைசி வள்ளம். அதைத் தவறவிட்டால் மறுநாள்தான். அதுவரை அம்மா தாங்கமாட்டா. எப்படியும் அன்றைக்கே அப்பாவைக் கொண்டுபோவதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சவச்சாலை வாசலில் காக்கி உடுப்போடு ஒரு காவலாளி. உள்ளே தள்ளுவண்டியில் ஓர் உடல், அதன்மேல் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா கொடுத்துவிட்ட போர்வை. கரையில் அவ சிவப்பு நூலால் போட்ட தையல்கூடத் தெரிந்தது. எனக்கு அது போதும். உண்மையைச் சொன்னால், அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தேன்.

காவலாளி படிவத்தைக் கையால் மூடினார்.

"முதல்ல முகத்தைப் பாரும் தம்பி. பிறகு கையெழுத்து."

"இது எங்கட அம்மான்ரை போர்வை அண்ணை! வள்ளம் போயிடும். காவலுக்கு நிக்கிற நீங்களே எனக்கு என்ரை அப்பாவைக் காட்டப்போறீங்கள்?" என்று கத்திவிட்டேன்.

அவர் அசையவில்லை.

"கத்தும், பரவாயில்லை. முகம் பாக்காமல் ஒருத்தரையும் இந்தக் கதவாலை விடமாட்டன்."

வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். போர்வையை விலக்கினார். அது அப்பா இல்லை! ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த மண்டைதீவுக்கார ஐயா. இரண்டு நாளுக்கு முன் நான் பார்க்க வந்தபோது, குளிருதென்று முனகிக்கொண்டிருந்தவர். அப்பா தன் போர்வையை அவருக்குக் கொடுத்திருக்கிறார். இருவரும் ஒரே நாளில் போய்விட்டார்கள்.

யாரோ ஒருவரின் தகப்பனை எங்கள் ஊரில் அடக்கம் செய்யப் பார்த்தேனே!

காவலாளி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அடுத்த வண்டியில், ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துணிக்குள் அப்பா கிடந்தார். காவலாளி ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்ப பாரும்" என்றார். பார்த்தேன். அழுதேன். கையெழுத்து வைத்தேன். சவப்பெட்டியை வாகனத்தில் ஏற்ற அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

"போர்வையை எடுத்துத் தரட்டே?"

"வேண்டாம் அண்ணை. அப்பா குடுத்தது, அந்த ஐயாவோடையே போகட்டும்."

அப்பாவைக் கொண்டுவருவேனென்று காலையில் வரும்போதே சொல்லிவைத்திருந்ததால், நாலு மணி கடந்தும் குறிகட்டுவானில் வள்ளக்காரர் காத்து நின்றார். பொழுதுபட முன்னம் அப்பா வீடு வந்து சேர்ந்தார்.

அந்தக் காவலாளியிடம் மன்னிப்புக் கேட்காமலே வந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. அவர் பிடிவாதமாக நின்றிராவிட்டால், சாகக் கிடந்த என் அப்பா கடைசியாகச் செய்த காரியம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.