முடியும்வரை கழற்றக் கூடாது

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "ரத்தம் தெறிக்கிற மாதிரி மூணு ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர் சொல்லுங்க." படங்களின் பின்னணி இசையை மட்டும் இசைத்தட்டாகவும் சிடியாகவும் சேர்த்து வைக்கிற பைத்தியங்களின் வாட்ஸப் குழு அது. கேட்ட மாத்திரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. ஆளுக்கொரு போர்க்களம், ஆளுக்கொரு தலைவெட்டு. இந்த மாதிரி இசைக்கு நான்தான் அத்தாரிட்டி என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களில் எவனும் ரத்தம் தெறித்துப் பார்த்தவன் இல்லை.

சரி, சொல்கிறேன். படங்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த நிமிடமே போன் ஸ்பீக்கரில் வைத்துப் பல் தேய்த்துக்கொண்டே கேட்பீர்கள். இசையமைத்தவனைச் செருப்பால் அடிப்பதும் அதுவும் ஒன்றுதான். தேடிப் பிடியுங்கள்.

முதலாவது, கப்பல் மூழ்குகிற ஒரு பழைய வெளிநாட்டுப் படம். வயலின்காரர்கள் அத்தனை பேரும் வில்லைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் தந்தியை அடிக்கிறார்கள். அடுப்பில் பச்சை விறகு வெடிக்கிற மாதிரி சன்னமாகத் தொடங்கும். பிறகு டிராம்போன்கள் அடிவயிற்றில் இறங்கி மிதிக்கும். கேட்டு முடித்தால் தாடை வலிக்கும். அவ்வளவு நேரம் பல்லைக் கடித்திருப்போம். இரண்டாவது, ஒரு வாரம்கூட ஓடாத தமிழ்ப் படம். கடைசிச் சண்டையில் அண்ணன் தம்பி இருவரும் வெட்டிக்கொள்கிறார்கள். மேளம் இல்லை, டிராம்போன், ஹார்ன் மாதிரி ஊதுகிற பிராஸ் வாத்தியங்கள் இல்லை. டபுள் பேஸ்கள் மட்டும் ஒரே சுரத்தில் அறுத்துக்கொண்டே இருக்கும், மேலே ஒற்றைப் புல்லாங்குழல். அதைப் போட்டவனுக்கு நெஞ்சழுத்தம் அதிகம்.

மூன்றாவது, குதிரைப்படை ஒரு ஊரைக் கொளுத்துகிற படம். அதை எனக்குப் பரிந்துரைத்தவன் என் நண்பன். சின்ன காஞ்சிபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். நான் பட்டுச்சேலைக்குப் பார்டர், முந்தானை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறவன். என் தெரு முழுக்கத் தறி. விடிந்தால் ஆரம்பிக்கிற சத்தம் இருட்டினால்தான் ஓயும். அதற்காக, வெளிச்சத்தம் துளிகூட உள்ளே வராத பெரிய ஹெட்போன் ஒன்றை அவன்தான் தேர்ந்தெடுத்து வாங்க வைத்தான்.

எங்கள் இருவருக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒருவன் பரிந்துரைத்ததை மற்றவன் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, சத்தத்தைக் குறைக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் கழற்றக் கூடாது. முடிந்த கையோடு நேரில் போய் நல்லதோ கெட்டதோ சொல்ல வேண்டும். இதற்காக அவனும் நானும் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்ட நாட்கள்கூட உண்டு.

அன்று காலை அந்த மூன்றாவது ஸ்கோரை அனுப்பிவிட்டுப் போன் செய்தான். "கேட்டுக்கினே கடைக்கு வாபா. நடுவுல கழட்டுன, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்தேன். வயலின்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அவன் கடைத் தெருவுக்குள் நுழைந்தபோது ஷட்டர்கள் பாதிதான் திறந்திருந்தன. தன் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பியவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் விரலை உயர்த்திக் காட்டினேன், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு பைக்குகள் என்னை உரசிக்கொண்டு போயின. அவை வந்தது எனக்குக் கேட்கவில்லை. நான்கு பேர் இறங்கினார்கள். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்க அவன் கையைத் தூக்கினான். கை மணிக்கட்டோடு தொங்கியது. அந்த நேரம் பார்த்து ஹெட்போனுக்குள் ஆர்க்கெஸ்ட்ராவின் ஹார்ன்கள் மொத்தமும் சேர்ந்து முழங்கின. கடைப் படியில் விழுந்தான். விழுந்தவனை மறுபடி மறுபடி கொத்தினார்கள். நான் ஓடினேன். ஒருவன் திரும்பிப் பட்டாக்கத்தியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். என் கால்கள் நின்றுவிட்டன. படியில் கிடந்தபடி நண்பன் என்னைப் பார்த்தான். வாய் அகலத் திறந்து மூடியது, மறுபடி திறந்தது. கழுத்து நரம்பு புடைக்க எதையோ கத்துகிறான். எனக்கு ஹார்ன்கள் கேட்டன.

பைக்குகள் போன பிறகும் நான் அப்படியே நின்றிருந்தேன். தெருக்கோடி டீக்கடைக்கார அம்மா ஓடிவந்து என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். "இத்தப் போயி காதுல மாட்டிக்கினு இருக்கியேபா. அந்தப் புள்ள கத்திக்கினே இருக்குது, நீ நின்னுக்கினு இருக்க." அதற்குள் அவன் கத்துவதை நிறுத்தியிருந்தான்.

முசரவாக்கத்தில் அவனுக்கு அப்பா வழி நிலம் கொஞ்சம் இருந்தது. மனை போட்டு விற்கிற ஒரு பெரிய ஆள் அதைக் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தார். இது ஊருக்கே தெரியும். பிடிபட்ட நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. டீக்கடை அம்மா போலீசில் சொன்னார்: "யாரோ பேரச் சொல்லிக் கத்துனாப்ல இருந்துது. என்னா பேருன்னு புரியல, நான் தூரமா இருந்தேன்." அவ்வளவுதான், இன்ஸ்பெக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய ஆளின் பெயரைத்தான் சொல்லியிருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கிட்டத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். "ஹெட்போன எழுத வேணாம் சார். காதுல விழுந்துதுன்னு மட்டும் சொல்லுங்க, அந்தாள உள்ள வெச்சிடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஸ்கோரை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஹார்ன்கள் முழங்குகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவன் உதடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அத்தனை பிராஸுக்கு அடியில் இரண்டாவது ஓபோ குழல் என்ன வாசிக்கிறது என்று பிரித்துச் சொல்கிற காது இது. குழுவில் என்னைத் தூக்கி வைத்து ஆடியது இந்தக் காதுக்காகத்தான். ஒருவன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை அதனால் எடுத்துத் தர முடியவில்லை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் என் இரண்டு ஸ்பீக்கர்களையும் தரையில் அடித்து நொறுக்கினேன். கையில் தையல் போட்டார்கள். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

வழக்கு வருவதற்கு முன்னால் நண்பனின் மனைவி வீட்டுக்கு வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "அந்தாளு பேர அவரு சொன்னாருன்னு சொல்லிடுங்கண்ணா. பொய்யே இல்ல அது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றாள். சரி என்றேன். மறுநாளே அந்தப் பெரிய ஆளின் தரப்பிலிருந்து காரில் பழத்தட்டோடு வந்து இறங்கினார்கள். தட்டை வாங்கி அவர்கள் முகத்திலேயே எறிந்தேன். ஆப்பிள்கள் கூடத்துத் தரையில் உருண்டன. கார் வந்து நின்றதைத் தெருவே பார்த்தது. தட்டு பறந்ததை அவர்களும் நானும்தான் பார்த்தோம்.

கோர்ட்டில் பொய் சொல்லத்தான் கூண்டேறினேன். வழியெல்லாம் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "விழுந்து கிடந்தவர் என்ன சொன்னார்?" என்று வக்கீல் கேட்டதும் அந்த வாய் கண்முன் வந்து நின்றது. என்னைப் பார்த்து அவன் கடைசியாகச் சொன்னது அது. என்னவென்றே தெரியாமல் அதை எடுத்துவிட்டு, அங்கே வேறொன்றை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. "கத்தினான். எனக்குக் கேட்கவில்லை. ஹெட்போன் போட்டிருந்தேன்" என்றேன். பின்வரிசையில் அவள் எழுந்து வெளியே போவது தெரிந்தது. நான்கு பேருக்கும் ஆயுள் தண்டனை. அந்தப் பெரிய ஆள் சாட்சி இல்லையென்று விடுதலையாகி மாலையோடு வீடு திரும்பினார். பழத்தட்டு வேலை செய்துவிட்டது என்று ஊர் பேசியது. அவளும் அதைத்தான் நம்பினாள். ஊர் பேசியது எனக்கு மயிருக்குச் சமம். அவள் நம்பியதுதான் என்னை உள்ளே அறுத்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை.

"அன்னிக்கு மாட்டிக்கினு இருந்தத எடுங்க. அதே பாட்ட அதே சத்தத்துல போடுங்க" என்றாள்.

அது பாட்டில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் வாசலில் போய் நின்றாள். ஹார்ன்கள் வருகிற இடத்தில் தலையை அசைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்து கண்ணில் நீர் தெறித்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கையில் பட்டு இழையோடு வெளியே ஓடிவந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள்கூட ஓடி வருவதைப் பார்த்தேன். எனக்கு ஹார்ன்கள் மட்டும்தான் கேட்டன.

கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினாள். கழற்றினேன். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

"கேட்டுதா?"

"இல்லமா."

தொண்டை கட்டியிருந்தது அவளுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நீங்க பொய் சொல்லல" என்றாள். படியிறங்கப் போனவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"அவரு கூப்புடற மாதிரி உங்க பேரச் சொல்லித்தான் கத்துனேன். இவ்ளோ நாளா நாம எல்லாரும் அந்தாளு பேரையே தேடிக்கினு இருந்துட்டோம். வெட்டு வாங்கிக்கினு கெடக்கறவரு அவன் பேரயாண்ணா சொல்லுவாரு? எதிர்ல நீங்க வந்துக்கினு இருந்தீங்க. உங்களத்தான் கூப்ட்டிருப்பாரு."