மாடியில் நடந்த கல்யாணம்

உள்ளாட்சித் தேர்தலில் நான் தோற்றதற்கு அடுத்த ஆவணி அது. சமயபுரத்தில், மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஹால் உள்ள கல்யாண மண்டபம். ஸ்ரீரங்கத்தில் ஐந்து வருடம் கவுன்சிலராக இருந்தவன் நான். பதவி போனால் முதலில் குறைவது கல்யாணப் பத்திரிகைதான். முன்பெல்லாம் முகூர்த்த நாளில் ஏழெட்டு மண்டபம் ஏறி இறங்குவேன். அன்றைக்கு மூன்றே மூன்று பத்திரிகை. அதையாவது விடக் கூடாது என்று பொன்னாடைகளோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

எங்களை மாதிரி அரசியல் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்டபத்துக்குள் நுழைந்தால் முகம் பார்க்க மாட்டோம், மொத்தமாகக் கும்பிடுவோம். அப்படியே கும்பிட்டபடி மேடையேறி, மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்கும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பின்னால் தெர்மாகோலில் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்தேன். நான் போக வேண்டிய கல்யாணம் கீழே நடந்துகொண்டிருந்தது!

நைசாக நழுவப் பார்த்தேன். படியருகே பெண்ணின் அம்மா வந்துவிட்டார். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் பூ விற்கிறவர், எங்கள் வார்டுதான். வீட்டுக்காரர் இறந்தபின் வீட்டுக்காரருடைய அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுக்கொண்டு ஒருத்தர்கூட வரவில்லை என்று மெதுவாகச் சொன்னார். பெண் வீட்டுப் பக்கம் நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க நாதியில்லாத வீடு போலிருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் காதுபடவே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி அந்தம்மா சத்தமாகச் சொன்னார்.

"எங்க வார்டு கவுன்சிலர் வந்திருக்காருங்க."

என்னை அப்படி ஒருவர் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. முன்னாள் என்று திருத்த வாய் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து, நான் என்ன உறவு என்று கேட்டார்.

"பொண்ணோட அம்மாவுக்கு அண்ணன் முறைங்க. என்ன குறைன்னாலும் என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு ஓட முடியுமா? வாசலில் நின்று சந்தனம் நீட்டினேன். பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரிடமும் போய், ரசம் போதுமா, பாயசம் வந்ததா என்று விசாரித்தேன். ஓட்டுக் கேட்டபோதுகூட அவ்வளவு குனிந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். பையில் இருந்த மூன்று பத்திரிகையும் பையிலேயே கிடந்தன.

பெண்ணை வேன் ஏற்றி அனுப்பியதும் மனசு உறுத்தியது. ஹால் மாறி வந்துவிட்டேன் என்பதை அந்தம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ண்ணே. நான் உங்களுக்குப் பத்திரிகையே வைக்கலையே. மேடையில பேரைப் பார்த்துட்டு நீங்க முழிச்சப்பவே புரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நீங்க போகலையே, அது போதும்ண்ணே."

பதவியில் இருந்தபோது எத்தனையோ மேடைகளில் போட்டோவுக்குச் சிரித்திருக்கிறேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் ஏறும்வரை நான் கூடவே நின்றது அந்த ஒரு கல்யாணத்தில்தான், அதுவும் அழைக்காத கல்யாணத்தில் என்று நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகவும் மனசு நிறைவாகவும் இருக்கிறது.