தண்ணீரில் ஊறிய நான்கு துப்பாக்கிகள்

1989 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஆறரைக்கு எழும்பினேன், ஏழே காலுக்குச் சீரியல், எட்டு மணி பஸ், நாலேகாலுக்குத் திரும்பவும் லண்டன் தோர்ண்டன் ஹீத் வீடு. அப்போது எனக்குப் பதினொரு வயது. மியூசியத்தில் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி மறுநாள் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளில் வெடிமருந்தை எப்படிப் பற்றவைத்தார்கள் என்பதை நான் எடுத்திருந்தேன்.

நான்கு தாள்களில் நான்கு படங்கள் கீறினேன். முதலாவது, புகையும் திரியால் பற்றவைப்பது. அடுத்தது, சாவியால் முறுக்கிய சக்கரம் கல்லில் உரசிப் பொறி பறக்கச் செய்வது. பிறகு, தீக்கல் எஃகுத் தகட்டில் அடிப்பது. கடைசியில், சுத்தியல் தட்டியதும் வெடிக்கும் சின்னச் செம்புத் தொப்பி. மூன்றாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கல் அடிக்கும் அதே நொடியில் தகடு சாய்ந்து, மருந்துக் கிண்ணம் திறக்க வேண்டும். ஆறு முறை அழித்துக் கீறினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதமாக எங்கள் முன்னறையில் தங்கியிருந்த சித்தப்பாவும் மறுநாள் பேச வேண்டியிருந்தது. குரொய்டனில் அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு நேர்முகம். மேசையைக் கடந்து போனவர் நின்றார்.

“ஆர் கீறினது?”

பெருமையோடு கையை உயர்த்தினேன். அவர் நான்கு தாள்களையும் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குக் கொண்டுபோய், சுக்கலாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தார். எரித்தால் மணம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

அதெல்லாம் முந்நூறு வருடப் பழசு, மியூசியத்தில் கிடக்கிறது என்று கத்தினேன்.

“துவக்குப் படத்தில வருசம் எழுதியே இருக்கு, பிள்ளை?”

அம்மா சிரித்தார். “தம்பி, இங்க ஆர் வந்து கொப்பி பிரிச்சுப் பாக்கப் போயினம்?”

“அங்கயும் இப்பிடித்தான் சிரிச்சனாங்கள், அண்ணி.”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழவில்லை. புதுத் தாள்களை எடுத்து, ஐந்தரையிலிருந்து எட்டேகால் வரை நான்கையும் மறுபடி கீறினேன். இம்முறை ஒவ்வொன்றின் மூலையிலும் நூற்றாண்டைப் பெரிதாக எழுதினேன்.

சித்தப்பா கண்டால் இதையும் ஊறவைப்பார். அவர் தேடாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது: நேர்முகத்துக்கென்று அவர் அடுக்கி வைத்திருந்த நீல நிற பைல். அதன் கடைசித் தாளுக்குப் பின்னால் படங்களைச் செருகினேன். விடிந்ததும் எடுத்துவிடலாம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கீழே வந்தேன். சித்தப்பா அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பைல்; கையில் என் படங்கள். ஏசவில்லை, கிழிக்கவுமில்லை.

“உன்ர பையில வை. என்னட்ட வையாதை.”

தாள்கள் அவர் கையில் படபடத்துக்கொண்டிருந்தன. கதவிடுக்கால் காற்று வருகிறது, சித்தப்பாவுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். பல்லுத் தீட்டுவதற்கும் முன்னால், முதல் வேலையாக மேலே ஓடிப்போய், என் சிவப்புக் கம்பளிக் கையுறைகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவருடைய விரல்களில் அவை ஏறவே ஏறா. மறுக்காமல் வாங்கி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.