தரிசு என்று நான் குறித்த தோட்டம்

எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்து வரைபடம் தயாரிப்பது என் பணி. நிலக்கோட்டைப் பக்கத்து வரைபடத்தை மார்கழி மாதப் படம் ஒன்றை வைத்தே முடித்திருந்தேன். ஓரிடம் முழுக்கப் பழுப்பாகத் தெரிந்ததால் ‘தரிசு’ என்று குறித்தேன். தரிசு என்று பதிவானால் அந்த நிலத்துக்குச் சொட்டுநீர்ப் பாசன உதவி கிடைக்காது.

ஒப்படைக்கும் முன் நேரில் சரிபார்க்கப் போனேன். தோட்டக்காரர் ஆரோக்கியமேரிக்கு என் வயதுதான் இருக்கும். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

“தரிசா? மல்லியை இப்பத்தான் கவாத்து பண்ணி விட்டிருக்கோம். முடி வெட்டுன தலையப் பாத்து வழுக்கைன்னு எழுதிருவீகளா?” என்று சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். வெட்டிய குச்சிகளின் கணுக்களில் பச்சைத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. ஆண்டுதோறும் அந்தப் பூவைச் சூடியவள் நான். அதன் செடியை ஒருநாளும் பார்த்ததில்லை.

“அம்புட்டு உசரத்துலருந்து பாத்தா தெரியாதுதான். பங்குனி மாசப் படம் இருந்தாப் பாருங்க” என்றார்.

அலுவலகம் திரும்பி, முந்தைய ஆண்டின் படங்களை மாதவாரியாக அடுக்கினேன். மார்கழியில் பழுப்பாகவும் பங்குனியில் பசுமையாகவும் அவருடைய தோட்டம் மட்டுமல்ல, சுற்றிலும் பல தோட்டங்கள் இருந்தன. வரைபடத்தில் மல்லிகைக்கென்று தனி நிறம் சேர்த்தேன். ஆய்வுக் கூட்டத்தில் பிழை என்னுடையது, திருத்தம் ஆரோக்கியமேரியுடையது என்று சொன்னேன். வரைபடத்தின் அடிக்குறிப்பில் அவர் பெயரையும் சேர்த்தேன்.

அச்சான பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அதில் தன் தோட்டத்தின்மீது விரல் வைத்து, “ஏலே, இங்க வாங்க! நம்ம தோட்டம்!” என்று அவர் வீட்டாரை அழைத்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிழையே இல்லாத வரைபடங்களும் என்னிடம் உண்டு. நான் பெருமையோடு எடுத்துக் காட்டுவது இதைத்தான்.