யானைப் பசிலுக்கு எந்தப் பலகை?

பிள்ளைகளா, நீங்கள் கேட்ட, துண்டுகளைச் சேர்த்து விளையாடும் யானைப் பசிலை மெல்லிய பிளேடு வைத்த அறுப்பு மெஷினில் மாம்பலகையில்தான் முதலில் அறுத்தேன். தும்பிக்கை நார்வாக்கில் முறிந்துவிட்டது. பிளைவுட் அப்படி முறியாது. ஆனால் அதன் ஓரத்தில் சிராய் நீட்டி, எதையும் வாயில் வைக்கிற உங்கள் தம்பிக்குக் குத்திவிடுமோ என்று பயம்.

அறுத்த மாம்பலகையின் வாசம், இப்போது இல்லாத ஓடைப்பட்டி திராட்சைப்பெட்டி அடிக்கும் ஷெட்டுக்கு என்னை இழுத்துப் போனது. ஈரப்பலகையும் புளித்த பழமும் மணக்க, சுத்தியல் சத்தம் ஓயாத அந்தத் தகரக் கூரைக்கடியில், என் அம்மா உதட்டிடுக்கில் ஐந்தாறு ஆணிகளைக் கவ்வியபடியே பெட்டி அடிப்பார். அவர் பேசும்போதெல்லாம் விழுங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

"ஏலே, கட்டைய வாயில வைக்காத, சிராய் ஏறிரும்!"

"நீ மட்டும் ஆணிய வச்சிருக்க?"

பக்கத்தில் பெட்டி அடித்த சித்தி சிரிப்பார். "உங்காத்தாளுக்கு இரும்பு வாயிடா!"

எனக்குச் சிரிப்பு வராது. கடைசி ஆணி வெளியே வரும்வரை அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில், உங்கள் தம்பி தொண்டைக்குள் போகாத அளவுக்குத் துண்டுகளைப் பெரிதாக்கி, பிளைவுட்டிலேயே அறுத்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஒவ்வொரு துண்டாக வாயில் வைத்து, தம்பி மாதிரியே கடித்துக் கடித்துப் பார்த்தேன்.