எல்லா இடத்திலும் பால்

பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் தமிழ் மூன்றாம் மொழி. ஏழாம் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். பத்துக்குக் கீழே போனால் தமிழ் வகுப்பையே மூடிவிடுவார்கள். வருஷம் முழுக்க எனக்கு அந்தப் பயம்தான்.

அவர்களுக்காக நானே ஒரு துணைப்பாட நூல் தொகுத்தேன். கதை, கட்டுரை எல்லாம் ஒப்புக்குத்தான். என் உயிர் அதிலிருந்த ஒரு பழம்பாட்டில் இருந்தது. ஊர்த்தலைவன் ஒருவன் பாணர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, தனக்கென்று வைத்திருந்த கள்ளை அவர்களுக்கு ஊற்றிக்கொடுக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. தமிழில் வேறெதுவும் படிக்காமல் போனாலும் இந்தப் பிள்ளைகள் இதையாவது படித்துவிட்டுப் போகட்டும் என்று ஆசைப்பட்டேன்.

மாதிரிப் பிரதியைப் பார்த்த ஒரு அப்பா நேரே தலைமையாசிரியரிடம் வந்துவிட்டார். "புள்ளைங்க புக்ல சரக்கா சார்? நாங்க மூணு ஃபேமிலி வேற லாங்வேஜுக்கு மாத்திக்கிறோம்."

தலைமையாசிரியர் தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தமிழர். பேசுவார், படிக்க வராது. என்னைக் கூப்பிட்டு, கன்னடமும் கலந்து, "ஒரே ஒரு வேர்டுதானே மிஸ்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. பால்னு போட்டுடுங்க" என்றார்.

"பாலைக் குடிச்சிட்டு எந்தப் பாணன் சார் பாடினான்?"

சிரித்தார். "கிளாஸ் வேணுமா, கள்ளு வேணுமா?"

பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது.

அந்தச் சொல் பாட்டில், பொருளில், பயிற்சியில் என்று நாலைந்து இடத்தில் வரும். அச்சகத்துக்குப் போன் போட்டு, "கள்னு எங்கெல்லாம் இருக்கோ எல்லா இடத்திலயும் பால்னு மாத்துங்க" என்று கத்திவிட்டு வைத்தேன். திருத்திய படியை அனுப்பினார்கள். வயிற்றெரிச்சலில் திறந்துகூடப் பார்க்காமல் ஓகே சொன்னேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

புத்தகம் வந்தது. முதல் பாடத்தை ஒரு பெண் எழுந்து வாசித்தாள். "மாலையில் பறவைபால் கூட்டுக்குத் திரும்பின. குழந்தைபால் கை தட்டினார்பால்."

கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் மாற்றித் தொலைத்திருக்கிறார்கள். பன்மைக்கு வரும் 'கள்' எல்லாம் பாலாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"பறவைபால்னா என்னம்மா?"

"பறவையோட மில்க், மிஸ்."

"பறவை பால் குடுக்குமா?"

"புக்ல இருக்கே மிஸ்."

அவளை என்ன சொல்வது? அச்சடித்துக் கையில் கொடுத்தவள் நான்.

தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "எந்தப் பேரண்டாவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?" இல்லை என்றேன். "அப்போ பென்ல திருத்திக்கச் சொல்லுங்க மிஸ்."

மறுநாள் முழுப் பீரியடும் அதுதான் வேலை. பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் பாலை அடித்து, மேலே 'கள்' என்று எழுதினார்கள். குஷியாகவே செய்தார்கள். பாட்டு இருந்த பக்கம் வந்ததும் நேற்று வாசித்த பெண் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ், இங்கயும் கள்னு மாத்தணுமா? இங்க பால்னாலே அர்த்தம் வருதே?"

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். புகார் சொன்னவரின் மகன் இரண்டாம் பெஞ்சில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அங்க பால்தான்" என்றேன். "அதை மட்டும் விட்டுடுங்க."